படத்தில் ஒரு பிள்ளைக்கு இடம்

பலேர்மோ
8 செப்டெம்பர் 2024

அன்புள்ள குகனேஸ்வரி அக்காவுக்கு,

"அந்த வீட்டை விட்டு வெளிக்கிடுமட்டும் எனக்குப் போன் எடுக்காதை" என்று சொன்னாய். சரி, எடுக்கவில்லை. எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லைதானே? ஜெனோவாக் கப்பலில் துப்புரவு வேலை செய்கிற அருளையா அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். படிப்பதும் கிழித்துப் போடுவதும் உன் பாடு.

நானும் சாம்பவியும் நான் வேலைக்குப் போகிற சிஞ்ஞோரா கிளறாவின் வீட்டுக்கே வந்துவிட்டோம். அல்பெர்கேரியாவில் நாங்கள் இருந்த அறையை நீ பார்த்திருக்கிறாய். சுவர் முழுக்கப் பூஞ்சணம். பிள்ளைக்கு ஓயாத இழுப்பு. அவளுடைய அப்பா செத்த பிறகு நான் ஒரு நாளாவது நிம்மதியாகக் கண் மூடியிருப்பேனா? இங்கே குசினிக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு அறை. நல்ல வெயில் வருகிறது. வந்த கிழமையே இழுப்பு நின்றுவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை ஒழுங்காக மூச்சு விடுகிறாள், அது உனக்குச் சந்தோசம் இல்லையா?

பெரிய ஹோலில் தொங்குகிற குடும்பப் படம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் இங்கே வேலை செய்தபோது அதைத்தானே தூசு தட்டினாய். சிஞ்ஞோராவின் பரம்பரை, இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தின ஆட்கள். தகப்பனுக்கு ரோசாப்பூ நிறத்தில் பட்டுச் சட்டை, தலையில் வெள்ளை மாப் பூசின பொய்முடி. தாய்க்குக் கட்டில் அகலத்தில் பாவாடை. சுற்றிவர நாலு பிள்ளைகள், ஒரு நாய்க்குட்டி, ஒரு கிளி. எல்லோர் முகத்திலும் இப்போதுதான் பலகாரம் தின்ற மாதிரி ஒரு சிரிப்பு. சட்டம் முழுக்கத் தங்கத்தில் சிப்பியும் சுருளும். முந்தி எனக்கு அந்தப் படம் பிடிக்காது, அத்தனை கண்ணும் முதுகைப் பார்க்கிற மாதிரி இருக்கும். இப்போது பிடிக்கிறது. ஏன் தெரியுமா? அந்தக் கடைசிச் சின்னவளின் கன்னத்தைப் பார்த்தாயா? கறுப்புப் பொட்டு! நாங்கள் வைக்கிறது போலவே. இந்தச் சனத்துக்குக் கண்ணூறு என்றால் என்னவென்றே தெரியாது என்று சொன்னாயே, வடிவாய்த் தெரிந்திருக்கிறது. பிள்ளைக்குப் பொட்டு வைத்து வளர்க்கிற வீட்டில் எனக்கு என்ன பயம்?

இன்னொரு சங்கதி. எதிர்ச் சுவர் வெறுமையாய்க் கிடக்கிறது அல்லவா, அதற்கு அதே பழைய மாதிரியில் ஒரு புதுப் படம் கீறுவிக்கப் போகிறா. கற்றானியாவிலிருந்து ஓவியர் வருகிறார். சிஞ்ஞோராவும், செத்துப்போன அவவின் மனுசனும், நடுவில் ஒரு பிள்ளையும். பிள்ளை வேறு யார், எங்கள் சாம்பவிதான்! எங்கள் ஆட்களில் யாருக்கு இது கிடைத்திருக்கிறது, சொல்லு பார்ப்போம்.

எழுது. திட்டியாவது எழுது.

உன் நிரோசினி


ஜெனோவா
19 செப்டெம்பர் 2024

நிரோசினி,

திட்டச் சொல்லி நீயே கேட்டிருக்கிறாய், ஆகவே குறை வைக்க மாட்டேன்.

நான் இஞ்சை வரும்போது அந்த வேலையை உனக்கு எடுத்துத் தந்தது, காலையில் போய் பின்னேரம் திரும்பி வா என்றுதான். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்ப் படு என்று யார் சொன்னது? ஒரேத்தோவில் ஒரு அறை காலியாய் இருக்கிறது என்று அருளையா அண்ணை உன்னிடம் சொன்னாரா இல்லையா? தூரம் என்றாயாம். யாருக்குத் தூரம்? உனக்கா, பிள்ளைக்கா?

சிஞ்ஞோரா கெட்ட மனுசி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கத்தமாட்டா, ஏசமாட்டா, நல்லநாள் பெருநாளுக்குக் கையில் ஏதாவது வைக்காமல் அனுப்பமாட்டா. ஆனால் அவ ஒன்றைக் கேட்டால் நீ இல்லை என்று சொல்லிப் பார். கன்னத்தைத் தடவித் தடவியே உன் கையிலிருந்து அதை எடுத்துவிடுவா. எடுத்ததே உனக்குத் தெரியாது. மேல்மாடியில் பூட்டின அறை ஒன்று இருக்கிறதே, அது யாருடையது என்று கேட்டாயா? அதற்குள் ஒரு சின்னக் கட்டில். கிழமைக்கு ஒருதரம் விரிப்பு மாற்ற என்னை உள்ளே விடுவா. ஒருத்தரும் படுக்காத கட்டிலுக்கு நீ விரிப்பு மாற்றியிருக்கிறாயா? நான் நாலு வருடம் மாற்றினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிஞ்ஞோரா இருக்கிறா, அவவின் செத்த மனுசன் இருக்கிறார், உன் பிள்ளை இருக்கிறாள். அந்தப் படத்தில் நீ எங்கே நிற்கிறாய்?

பிள்ளையைக் கீற விடாதே. உன் அத்தானின் முதுகு ஒப்பரேசன் மட்டும் இல்லாவிட்டால் கடிதம் எழுதிக்கொண்டு இருக்கமாட்டேன், கப்பல் ஏறியிருப்பேன்.

குகனேஸ்வரி


பலேர்மோ
6 ஒக்டோபர் 2024

அக்கா,

"உனக்குப் பொறாமை" என்று முதல் வரியில் எழுதிவிட்டு வெட்டியிருக்கிறேன். வெட்டினது தெரியும்தான், தெரியட்டும்.

மேல்மாடி அறையைப் பற்றி நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, சிஞ்ஞோராவே சொன்னா. அது அவவின் மகளின் அறை. லவீனியா என்று பெயர். ஏழாவது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள், நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. "நீயும் ஒருத்தரைப் பறிகுடுத்தவள் நிரோ, உனக்கு விளங்கும்" என்று சொல்லி அழுதா. நானும் சேர்ந்து அழுதேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு கிழவியைப் பார்த்து நீ பயப்படச் சொல்கிறாய். எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

படம் தொடங்கிவிட்டது. சாம்பவிக்கு வான நீலப் பட்டில் சட்டை, அந்தப் பழைய படத்தைப் பார்த்தே தைப்பித்தது. தலைமயிரைச் சூட்டுக் கம்பியால் சுருட்டி, ரிப்பன் கட்டி, ஐயோ அக்கா, நீ பார்க்க வேண்டும். முதுகை நிமிர்த்திக் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். வீட்டில் ஒரு வாய் சோறு தின்னுமட்டும் இருக்காத பிள்ளை! சாம்பவி என்று கூப்பிட்டால் என் பக்கம் திரும்பிவிடுகிறாளாம், ஓவியருக்கு வேலை குழம்புகிறதாம். அதனால் அந்த நேரம் மட்டும் லவீனியா என்று கூப்பிடுகிறார்கள். அந்த நேரம் மட்டும்தான்.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டாய். சன்னலடியில் நிற்கிறேன். திரைச்சீலையை நான் தூக்கிப் பிடித்தால்தான் பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் விழும். நான் இல்லாவிட்டால் படமே இல்லை, போதுமா?

முதல் நாள் ஓவியர், அவரின் உதவியாள், சிஞ்ஞோராவின் சிநேகிதிமார் இரண்டு பேர், எல்லோரும் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கே பெல்லா, கே பெல்லா" என்று வாய் ஓயவில்லை. என்ன வடிவு, என்ன வடிவு என்று இத்தனை பேர் சொன்னால் தாய்க்கு எப்படி இருக்கும்? கண்ணூறு பட்டுவிடாதா? அறைக்கு ஓடிப்போய் மையை எடுத்துவந்து இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். சிஞ்ஞோரா கண்டதும் அப்படியே நின்றுவிட்டா. பட்டுச் சட்டைக்கு மை படும் என்று ஏசப்போகிறா என நினைத்தேன். இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக் கொஞ்சினா. "இதை உன்னட்டை எப்பிடிக் கேக்கிறது எண்டு தெரியாமல் இருந்தனான். நீயே வைச்சிட்டாய்" என்றா. ஓவியரும் அதை அப்படியே கீறிவிட்டார்.

இப்படி மரியாதை தெரிந்த மனுசியையா நீ குறை சொல்கிறாய்?

நிரோ


ஜெனோவா
14 ஒக்டோபர் 2024

நிரோ,

உன் கடிதத்தைக் குசினியில் நின்று படித்தேன். சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை, அத்தான் கட்டிலில் கிடந்து கத்தின பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அது கண்ணூறுப் பொட்டு இல்லையடி. அந்தக் காலத்துப் பணக்காரப் பெண்கள் அழகுக்காகக் கறுப்புப் பட்டுத் துணியைப் பொட்டுப் பொட்டாய் வெட்டி முகத்தில் ஒட்டுவார்களாம். மற்ற வீடுகளில் அது அவ்வளவுதான். இந்தக் குடும்பத்தில் அதற்கு வேறு வேலை. குடும்பப் படம் கீறும்போது, செத்துப்போன பிள்ளையையும் விடாமல் உயிரோடு இருக்கிற மாதிரிக் கீறுவார்கள். வெளியாள் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தங்கள் ஆட்களுக்குத் தெரிவதற்கு அதன் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு.

இதை எனக்குச் சொன்னதே சிஞ்ஞோராதான். நான் ஏணியில் நின்று தூசு தட்டுகிறேன், அவ கீழே நின்று விரலால் காட்டுகிறா. "இந்தச் சின்னவள் படம் கீற முதலே போயிட்டாள். வேலைக்காரியின்ரை பிள்ளை ஒண்டை இருத்தி வைச்சுக் கீறினவை" என்றா. அந்த வேலைக்காரியின் பிள்ளை பிறகு என்ன ஆனது என்று கேட்டேன். "எந்தப் பிள்ளை?" என்று என்னைத் திருப்பிக் கேட்டா. விளங்காமல் கேட்கவில்லை நிரோ. உண்மையாகவே அவவுக்கு அப்படி ஒரு பிள்ளை இல்லை.

எனக்கு அது அந்த நேரம் ஒரு பழங்கதை. புதுப் படம் ஒன்று வரும், அதற்கு உன் பிள்ளையை இருத்துவார்கள் என்று நான் கனவா கண்டேன்? உன் முதல் கடிதத்துக்கே இதை எழுதியிருக்க வேண்டும், கீற விடாதே என்றால் கேட்பாய் என்று நினைத்தது என் பிழை. இப்போது செத்தவளின் அடையாளத்தை உயிரோடு இருக்கிற பிள்ளையின் முகத்தில் நீயே உன் கையால் வைத்துவிட்டு, மரியாதை என்று எனக்கு எழுதுகிறாய். அவ கீறுவிப்பது சாம்பவியை இல்லை. லவீனியாவை. சாம்பவி அதற்கு ஒரு உடம்பு.

வெளிக்கிடு. இங்கே இடம் இருக்கிறது. நெருக்கிப் படுக்கலாம். போன் எடு, நான் அப்படிச் சொன்னதை விடு.

அக்கா


பலேர்மோ
26 ஒக்டோபர் 2024

அக்காவுக்கு,

போனில் கதைத்தால் நான் அழுதுவிடுவேன், குசினிச் சுவருக்கும் காது இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்ததும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு ஏணியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் போனேன். படிக்கட்டுப் படத்தில் நாய்க்குட்டியோடு நிற்கிற பெடியன். சாப்பாட்டறைப் படத்தில் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவள். எல்லாப் படத்திலும் பொட்டு வைத்த பிள்ளை ஒன்று இருக்கிறது. எல்லாப் பொட்டும் இடது கன்னத்தில். இறங்காமல் ஏணியிலேயே இருந்துவிட்டேன்.

ஓவியரிடம் அழிக்கச் சொல்லிக் கேட்டேன். சிஞ்ஞோரா சொல்லட்டும் என்றார். சிஞ்ஞோராவிடம் கேட்டேன். கோபிக்கவில்லை. என் தலையைத் தடவி, "நாங்கள் போக விடாதவைக்குத்தான் அதை வைக்கிறது நிரோ, அதிலை பயப்பிட என்ன இருக்கு?" என்றா. தலையாட்டிவிட்டு வந்து பாத்திரம் கழுவினேன்.

பிள்ளை இப்போது மேல்மாடி அறையில் படுக்கிறாள். எங்கள் அறையில் சமையல் புகை வருகிறது, பிள்ளைக்கு மார்புக்குக் கூடாது என்றா. சரியாகத்தானே சொல்கிறா? பள்ளிக்கூடத்தில் தடிமன் தொற்றுகிறது என்று இப்போது ஒரு ரீச்சர் வீட்டுக்கே வந்து படிப்பிக்கிறா. அதற்கும் ஒப்பம் வைத்தது நான்தான். ஒவ்வொன்றும் பிள்ளைக்கு நல்லதாகத்தான் இருந்தது. நல்லதென்று ஒவ்வொன்றாய் விட்டுவிட்டு இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

மேசையில் இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள், நான் பரிமாறுகிறேன். நேற்று ஆசைக்குப் புட்டும் முட்டைப் பொரியலும் செய்து மேலே கொண்டுபோனேன். மூக்கைச் சுளித்து, "இது மணக்குது, எனக்கு வேண்டாம்" என்று இத்தாலியனில் சொன்னாள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருவதில்லை. படம் கீறாத நேரமும் அந்த நீலச் சட்டையைக் கழற்ற விடுகிறாள் இல்லை. கூப்பிட்டால் திரும்புகிறாள் இல்லை. மற்றப் பெயருக்குத்தான் திரும்புகிறாள்.

வெளிக்கிடுவேன் அக்கா. ஆனால் டிசெம்பரில் என் பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, புதுப்பிக்க வேண்டும். வேலைக் கடிதமும் விலாசமும் இந்த வீட்டிலிருந்துதான். இப்போது கோபித்துக்கொண்டு போனால் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் எதைக் காட்டுவேன்? டிசெம்பர் மட்டும் பொறுக்கிறேன்.

நிரோ


ஜெனோவா
4 நவம்பர் 2024

நிரோ,

கடதாசி போனால் வேறு வேலை பிடித்து வேறு கடதாசி எடுக்கலாம். அத்தானும் நானும் எடுக்கவில்லையா? டிசெம்பர் மட்டும் பொறுக்கிறாளாம். டிசெம்பரில் நீ கூட்டிக்கொண்டு வர அங்கே பிள்ளை இருக்குமா என்று யோசி.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிள்ளை அது சொன்னாள், இது சொன்னாள் என்று எழுதியிருக்கிறாய். "அம்மா" என்று சொன்னதாக ஓரிடத்திலும் இல்லை. இப்போது அவள் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள்? ஒளிக்காமல் எழுது. இல்லை, எழுதாதே, எழுதிக்கொண்டு இருக்க நேரமில்லை.

பிரான்காச்சோவில் இந்திராதேவி அக்காவோடு கதைத்துவிட்டேன். அவவின் வீட்டில் ஒரு அறை தருவா, ஒன்றும் கேட்கமாட்டா. ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோரா பூசைக்குப் போகிற நேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு. உடுப்பும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம், சொல்லிக்கொண்டு வரவும் வேண்டாம். அவவிடம் சொல்லப் போனால் நீ திரும்பவும் தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

கால் கும்பிட்டுக் கேட்கிறேன். நான் மூத்தவள், இதுவரை உன்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

அக்கா


பிரான்காச்சோ, பலேர்மோ
19 நவம்பர் 2024

அக்கா,

நீ எடுத்த போன் எல்லாம் கண்டேன். எடுத்துப் பேச வாய் வரவில்லை. இந்திராதேவி அக்கா சொல்லியிருப்பா, நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோரா பூசைக்குப் போனதும் மேலே போனேன். நீலச் சட்டையோடு கட்டிலில் நிமிர்ந்து இருந்தாள். "சாம்பவி, வா, பெரியம்மாட்டைப் போவம்" என்றேன். "மம்மா வரட்டும், கேட்டுப்போட்டு வாறன்" என்று இத்தாலியனில் சொன்னாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "நான்தானே அம்மா, நான் சொல்றன், வா" என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள் அக்கா, பகிடி விட்டேன் என்று நினைத்து.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். பல்லாரோச் சந்தைக்குள்ளால் போனால்தான் பஸ்சுக்குக் கிட்ட. நடுச் சந்தையில் "மம்மா! மம்மா!" என்று கத்தத் தொடங்கினாள். "இஞ்சை நிக்கிறன் குஞ்சு, இஞ்சைதான் நிக்கிறன்" என்று சொல்லிச் சொல்லி இழுக்கிறேன். அவள் கையை உதறுகிறாள், காலால் உதைக்கிறாள். மீன்காரர், மரக்கறிக்காரர் எல்லோரும் கூடிவிட்டார்கள். பட்டுச் சட்டை போட்ட பிள்ளையை ஒருத்தி இழுத்துக்கொண்டு போனால் பார்க்கிற சனம் என்ன நினைக்கும்? யாரோ பொலிசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வந்த பொலிஸ்காரன் நல்லவன். குனிந்து பிள்ளையிடம் கேட்டான், இவ யார் என்று. கண்ணைத் துடைத்துவிட்டு மரியாதையாகச் சொன்னாள்: "இது நிரோ. எங்கடை வீட்டிலை வேலை செய்யிறவ."

எனக்குச் சந்தைச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. என் பெர்மெசோவை அவனிடம் கொடுத்தேன், அதில் அவளின் பெயரும் இருக்கிறதுதானே. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். பிறகு திருப்பித் தந்து, "உங்கடை பிள்ளைதான் சிஞ்ஞோரா, கூட்டிக்கொண்டு போங்கோ" என்றான். சட்டம் என் பக்கம்தான் அக்கா. பஸ்சில் இருத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

சிஞ்ஞோரா தேடி வருவா, வக்கீலோடு வருவா என்று ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழும்பிக் கதவைப் பார்த்தேன். வரவேயில்லை. போனும் எடுக்கவில்லை. பிறகு அருளையா அண்ணையைக் கோயிலடியில் கண்டு சொல்லி அனுப்பியிருக்கிறா. படம் முடிந்து சுவரில் மாட்டியாகிவிட்டதாம். "நிரோவைக் கவலைப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பிள்ளை என்னோடைதான் இருக்கிறாள்" என்றாவாம். கிழவிக்கு விசர் என்று சொல்லிச் சிரித்தார் அருளையா அண்ணை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே இருக்கிறவள் ஒரு குழப்படியும் செய்வதில்லை. சொன்ன இடத்தில் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து இருக்கிறாள். மயிரை வாரிப் பின்னினால் பின்ன விடுகிறாள். தண்ணீர் கொடுத்தால் "கிராத்சியே, நிரோ" என்கிறாள். இரவில் பக்கத்தில் படுக்கிறேன். என் கையைத் தட்டிவிடுவதில்லை, பிடிப்பதும் இல்லை. இந்திராதேவி அக்கா கொஞ்ச நாளில் எல்லாம் சரி வரும், பிள்ளைகள் மறந்துபோவார்கள் என்கிறா. மறந்துபோவார்கள் என்றுதான் எனக்கும் பயம்.

வந்த முதல் இரண்டு நாளும் ஒரு வாய் சாப்பிடவில்லை. கெஞ்சினேன், ஏசினேன், ஒன்றுக்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் கோப்பையோடு முன்னால் இருந்தபோது அவளாகவே கேட்டாள்: "நிரோ, உங்கடை வேலை எப்ப முடியும்? மம்மா எப்ப வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவா?"

வருவா என்று சொன்னேன் அக்கா. உடனே வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் கேட்கிறாள். வருவா, வருவா என்று சொல்லிச் சொல்லித்தான் தீத்துகிறேன்.

நிரோசினி